சூரியனின் சிறு பொறிகள்

விருத்தாசலத்தில் பீங்கான் சூளை எரிவதை நீங்கள் பார்த்திருக்கலாம். அதைப் பார்க்காதவர்கள் செங்கல் சூளையையாவது பார்த்திருப்பீர்கள். பீங்கான் பொருள்கள் வேகும் சூளையினுள் வெப்பநிலை 1,200 டிகிரி செல்சியசையும் தாண்டுவதுண்டு. சுவரில் உள்ள சிறு துளை வழியே பார்த்தால், உள்ளே அடுக்கியுள்ளவை வெண்மை கலந்த மஞ்சளாக ஒளிர்கின்றன. சூளையின் வெளிச்சுவரோ கை வைக்க முடியாத சூடு. மூன்றடி தள்ளி நின்றால் வியர்க்கிறது. முப்பதடி தள்ளி நின்றால் காற்று இதமாகவே இருக்கிறது. நெருப்பை விட்டு விலக விலகச் சூடு குறையும். இதைச் சிறு குழந்தையும் அறியும்.

இனி, விந்தையான ஒரு சூளையைக் கற்பனை செய்யுங்கள். சூளையின் வாயில் 1,200 டிகிரி. முதல் சில அடிகளில் சூடு சற்றே குறைகிறது. பிறகு, யாரும் எதிர்பாராத வகையில், ஏறத் தொடங்குகிறது. முப்பதடி தள்ளியுள்ள காற்று இரண்டரை லட்சம் டிகிரியில் கொதிக்கிறது! இப்படி ஒரு சூளை இருப்பதாக யாராவது சொன்னால் நம்புவீர்களா?

ஆனால் நாள்தோறும் நம் தலைக்கு மேல் எழுந்து மறையும் சூரியன் இப்படிப்பட்ட சூளையே ஆகும். அதன் மையத்தில் வெப்பநிலை ஏறத்தாழ ஒன்றரைக் கோடி டிகிரி. அங்கிருந்து மேலே வர வர அது குறைந்து, நம் கண்ணுக்குத் தெரியும் பரப்பில் 5,500 டிகிரியாகிறது. இப்பரப்பை ஒளிக்கோளம் என்பர். இதற்கு மேல் சுமார் 500 கிலோமீட்டர் உயரத்தில் வெப்பநிலை 4,000 டிகிரி அளவுக்கு இறங்குகிறது. அதற்கு மேல் உள்ள நிறக்கோளத்தில் அது மெல்ல ஏறுகிறது. ஏறத்தாழ 2,000 கிலோமீட்டர் உயரத்துக்கு மேல் திடீரெனத் தாவி, பத்து லட்சம், இருபது லட்சம் டிகிரி என்றாகிவிடுகிறது. இந்த வெளி மண்டலத்தை மேலைநாட்டு அறிஞர்கள் கரோனா என்று அழைக்கின்றனர். மகுடம் என்பது அச்சொல்லின் பொருள். நாமும் இதை ஒளிமகுடம் என்றே அழைப்போம்.

குளிர்ந்த பரப்புக்கு மேலே இவ்வளவு சூடான மகுடம் எப்படி அமைந்தது? எண்பது ஆண்டுகளாக இயற்பியலாரை வாட்டிவரும் கேள்வி இது. இதற்கான விடை, சூரியனில் நொடிதோறும் தோன்றி மறையும் சின்னஞ்சிறு பொறிகளில் இருக்கலாம் என்று பலர் கருதுகின்றனர். அந்தப் பொறிகளைப் பற்றித்தான் இக்கட்டுரையில் பார்க்கப் போகிறோம்.

கிரகணத்தில் தெரிந்த பச்சைக் கோடு

ஒளிக்கோளத்தின் ஒளியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு அளவே ஒளிமகுடத்திலிருந்து வருகிறது. ஆகவே நீல வானத்தின் பிரகாசத்தில் அது மறைந்துவிடுகிறது. முழுச் சூரிய கிரகணத்தின்போது நிலவு ஒளிக்கோளத்தை மறைக்கும் சில நிமிடங்களில் மட்டும் அதைக் கண்ணால் காண முடியும். இதற்காகவே அந்நாளைய வானியலார் கடல் கடந்து கிரகணங்களைத் தேடிச் சென்றனர். 1871ஆம் ஆண்டு டிசம்பர் 12ஆம் நாள் நிகழ்ந்த முழுக் கிரகணம் நம் நீலகிரி வழியாகச் சென்றது. பிரெஞ்சு வானியலார் ஜான்சன் அங்கே சோலூரில் முகாமிட்டு ஒளிமகுடத்தை ஆராய்ந்தார்.

அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பு, 1869இல், அமெரிக்காவில் தெரிந்த கிரகணத்தின்போது ஒரு புதிர் முளைத்திருந்தது. ஒளிமகுடத்தின் நிறமாலையில் பச்சைப் பகுதியில் ஒரு பிரகாசமான கோடு காணப்பட்டது. அதன் அலைநீளம் 5,303 ஆங்ஸ்ட்ராம். ஒவ்வொரு தனிமமும் தனக்கே உரிய கோடுகளை நிறமாலையில் காட்டும். ஆனால் இந்தப் பச்சைக் கோடு பூமியில் தெரிந்த எந்தத் தனிமத்தோடும் பொருந்தவில்லை. ஆகவே சூரியனில் மட்டும் உள்ள ஒரு புதிய தனிமத்தால் அது உண்டாகிறது என்று எண்ணி, அதற்குக் ‘கரோனியம்’ என்று பெயரும் வைத்துவிட்டார்கள்!

எழுபது ஆண்டுகளுக்குப் பிறகே புதிர் அவிழ்ந்தது. ஜெர்மனியின் குரோட்ரியன் 1939இல் வழி காட்ட, சுவீடனின் எட்லேன் 1940களின் தொடக்கத்தில் விடையை உறுதி செய்தார். அது புதிய தனிமம் அன்று. நாம் நன்கு அறிந்த இரும்பேதான். ஆனால் சாதாரண இரும்பணுவில் 26 எலெக்ட்ரான்கள் உண்டு. பச்சைக் கோட்டை உமிழும் இரும்பணுவோ அவற்றில் 13ஐ, அதாவது சரிபாதியை, இழந்தது.

அயனி என்னும் வெப்பமானி

எலெக்ட்ரானை இழந்த அணுவை அயனி என்கிறோம். அயனிகளும் தனித்துத் திரியும் எலெக்ட்ரான்களும் கலந்த வாயுவே பிளாஸ்மா. எந்த வெப்பநிலையில் அணுக்கள் எவ்வளவு அயனியாகும் என்பதைக் கணக்கிட 1920இல் வழி வகுத்தவர் நம் நாட்டு அறிஞர் மேகநாத சாகா. சூரியனின் நிறக்கோளத்தை ஆராயும்போதே அவர் அந்தச் சமன்பாட்டை அடைந்தார். மெல்லிய ஒளிமகுடத்துக்கு அச்சமன்பாடு அப்படியே பொருந்தாது. கணக்கைச் சற்று மாற்றிப் போட வேண்டும். எனினும் சூடு ஏற ஏற அணு தன் எலெக்ட்ரான்களை ஒவ்வொன்றாக இழக்கும் என்ற அடிப்படை ஒன்றே.

பீங்கான் தொழிலில் ‘கோன்’ எனப்படும் சிறு மண்கூம்புகளைச் சூளையினுள் வைப்பார்கள். ஒவ்வொரு கூம்பும் குறிப்பிட்ட ஒரு வெப்பநிலையில் இளகி வளையும்படி செய்யப்பட்டிருக்கும். எந்தக் கூம்பு வளைந்தது, எது வளையாமல் நிற்கிறது என்று பார்த்து உள்ளே எவ்வளவு சூடு என்று சொல்லிவிடலாம். சூரியனில் இந்த வேலையை அயனிகள் செய்கின்றன. எட்டு, ஒன்பது எலெக்ட்ரான்களை இழந்த இரும்பு ஒளிர்ந்தால் அங்கே பத்து லட்சம் டிகிரி அளவு சூடு. பதின்மூன்றை இழந்த இரும்பு ஒளிர்ந்தால் இருபது லட்சம் டிகிரி அளவு. பச்சைக் கோடு சொன்ன செய்தி இதுதான்.

‘அவ்வளவு சூட்டில் எல்லாம் பொசுங்கிவிடாதா?’ என்று கேட்பீர்கள். வெப்பநிலை வேறு, வெப்பத்தின் அளவு வேறு. தீபாவளி மத்தாப்பின் பொறி ஆயிரம் டிகிரிக்கு அருகில் இருந்தாலும் கையில் பட்டால் சுரீர் என்பதோடு சரி. ஒரு குவளை கொதிநீரோ நூறு டிகிரியிலேயே கையைப் புண்ணாக்கிவிடும். பொறியில் பொருள் மிகக் குறைவு என்பதே காரணம். ஒளிமகுடமும் அப்படியே. நாம் சுவாசிக்கும் காற்றில் ஒரு கனசென்டிமீட்டரில் உள்ள மூலக்கூறுகளின் எண்ணிக்கை 2இன் பக்கத்தில் 19 சுழிகள் போட்டால் வரும் எண்ணுக்குச் சற்று மிகுதி. ஒளிமகுடத்தில் அதே இடத்தில் இருப்பவை பத்துக் கோடி முதல் நூறு கோடித் துகள்களே.

வெப்ப விதி பொய்யாகுமா?

குளிர்ந்த பொருளிலிருந்து சூடான பொருளுக்கு வெப்பம் தானாகப் பாயாது என்பது இயற்பியலின் அடிப்படை விதிகளுள் ஒன்று. அப்படியானால் 5,500 டிகிரிப் பரப்பு, இருபது லட்சம் டிகிரி மகுடத்தை எப்படிச் சூடாக்குகிறது?

சாணை பிடிப்பவரைப் பாருங்கள். அவருடைய கல் குளிர்ந்திருக்கிறது, கத்தியும் குளிர்ந்திருக்கிறது. சக்கரத்தைச் சுழற்றிக் கத்தியை வைத்ததும் செந்நிறப் பொறிகள் பறக்கின்றன. குளிர்ந்த கல்லிலிருந்து சூடான பொறிக்கு வெப்பம் பாயவில்லை. சக்கரத்தை மிதிக்கும் காலின் உழைப்புத்தான் உராய்வின் வழியே வெப்பமாக மாறியது. இதில் எந்த விதியும் மீறப்படவில்லை.

சூரியனிலும் இதுவே நிகழ வேண்டும். ஒளிக்கோளத்திலிருந்து மேலே செல்வது வெப்பமாகச் செல்லவில்லை. வேறு ஏதோ ஒரு வடிவில் சென்று, மேலே போய் வெப்பமாக மாறுகிறது. அதற்குத் தேவையான ஆற்றலும் பெரிதன்று. ஒளிக்கோளத்தின் ஒவ்வொரு சதுர மீட்டரும் ஏறத்தாழ 6 கோடியே 30 லட்சம் வாட் ஆற்றலை வெளிவிடுகிறது. அமைதியான பகுதிகளில் ஒளிமகுடத்தைச் சூடாக வைத்திருக்கச் சதுர மீட்டருக்குச் சுமார் 300 வாட் போதும். இரண்டு லட்சம் ரூபாயில் ஒரு ரூபாயைத் தனியே எடுத்து வைப்பது போன்றது இது. ஆகவே பணம் எங்கிருந்து வருகிறது என்பது கேள்வியன்று. அது எந்த வழியாகப் போய்ச் சேர்கிறது என்பதே கேள்வி.

கோடைக்கானல் காட்டிய வலை

வழியைக் காட்டியது காந்தப் புலம். சூரியப் புள்ளிகளில் வலிமையான காந்தப் புலம் இருப்பதை 1908இல் அமெரிக்காவின் ஹேல் கண்டுபிடித்தார். அதற்கு மறு ஆண்டு, 1909 ஜனவரியில், நம் கோடைக்கானல் ஆய்வகத்தில் ஜான் எவர்ஷெட் அந்தப் புள்ளிகளில் வாயு மையத்திலிருந்து வெளிநோக்கிப் பாய்வதைக் கண்டார். இன்றும் உலகெங்கும் இது எவர்ஷெட் விளைவு என்றே வழங்குகிறது.

கோடைக்கானல் ஆய்வகம் 1899இல் நிறுவப்பட்டது. கடல் மட்டத்துக்கு மேல் 2,343 மீட்டர் உயரத்தில் உள்ள அந்த ஆய்வகம் நமக்கு அளித்த பெருஞ்செல்வம் அதன் படத் தொகுப்பு. கால்சியம் அயனி உமிழும் 3,934 ஆங்ஸ்ட்ராம் ஊதா ஒளியில் மட்டும் சூரியனைப் படம் பிடிக்கும் பணி அங்கே இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து தலைமுறை தலைமுறையாக நடந்துவந்தது. அந்த ஒளி நிறக்கோளத்திலிருந்து வருவது. வெறும் வெள்ளொளியில் வழவழப்பாகத் தெரியும் சூரியன், அந்தப் படங்களில் மீன்வலை போர்த்தியதுபோல் தெரிகிறது. ஒவ்வொரு கண்ணியும் ஏறத்தாழ 30,000 கிலோமீட்டர் அகலம். வலையின் இழைகள் பிரகாசமாக ஒளிர்கின்றன. எங்கெங்கே காந்தப் புலம் குவிந்துள்ளதோ அங்கங்கே கால்சியம் ஒளி மிகுகிறது. ஆகவே அந்த வலை, சூரியப் பரப்பில் காந்தப் புலம் குவிந்து கிடக்கும் வரப்புகளின் படமாகும். இதே ஆய்வகத்தில் வேணு பாப்புவும் சிவராமனும் 1971இல் கால்சியம் ஒளியில் தெரியும் நுண்ணிய ஒளிப்புள்ளிகளை ஆராய்ந்து எழுதினர். சிறியவற்றை உற்று நோக்கும் வழக்கம் அங்கே பழமையானது. இந்த வலையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னர் தேவைப்படும்.

முறுக்கேறும் கயிறுகள்

ஒளிக்கோளத்தின் பரப்பு உலை கொதிப்பதுபோல் எப்போதும் கொதித்துக்கொண்டிருக்கிறது. சூடான வாயு மேலெழுந்து, குளிர்ந்து, ஓரங்களில் கீழிறங்குகிறது. அதனால் பரப்பெங்கும் சுமார் 1,000 கிலோமீட்டர் அகலமுள்ள குருணைகள் தோன்றி, பத்து நிமிடத்துக்குள் மறைந்து, மீண்டும் தோன்றுகின்றன. ஒளிமகுடத்தில் வளைந்து நிற்கும் காந்த விசைக்கோடுகளின் வேர்கள் இந்தக் கொதிக்கும் பரப்பில்தான் ஊன்றியுள்ளன. பிளாஸ்மா மின்சாரத்தை மிக நன்றாகக் கடத்துவதால் விசைக்கோடுகள் அதை விட்டு நழுவ முடியாது. வாயு இழுத்த இழுப்புக்கு வேர்களும் நகர்கின்றன.

இதன் விளைவை அமெரிக்க இயற்பியலார் யூஜின் பார்க்கர் 1972 முதல் ஆராய்ந்தார். பல கயிறுகளைக் கீழே ஒருவர் பிடித்துக்கொண்டு, ஒன்றோடொன்று மாறி மாறி இடம் மாற்றினால் என்ன ஆகும்? கயிறுகள் பின்னிக்கொண்டு முறுக்கேறும். காந்த விசைக்கோடுகளும் அவ்வாறே பின்னி முறுக்கேறுகின்றன. பரப்பின் கொதிப்பு செய்த வேலை முறுக்கின் ஆற்றலாகக் காந்தப் புலத்தில் சேர்கிறது. சாணைக் கல்லை மிதிக்கும் கால் இதுதான்.

இந்த முறுக்கு எப்படி அவிழ்கிறது? வீட்டில் மின்சார மீட்டர் அருகே உள்ள பீங்கான் ஃபியூஸ் கட்டையை நினைத்துப் பாருங்கள். விருத்தாசலத்துச் சூளைகளில் பிறக்கும் பொருள்களுள் அதுவும் ஒன்று. வீடு முழுவதும் ஓடும் கம்பியிலும், ஃபியூஸ் கட்டைக்குள் உள்ள மெல்லிய கம்பியிலும் ஒரே மின்னோட்டம்தான் பாய்கிறது. தடித்த கம்பி சூடாவதில்லை. மெல்லிய கம்பி மட்டும் உருகிப் பளிச்சென்று அறுகிறது. மின்னோட்டம் குறுகிய இடத்தில் நெருக்கப்படும்போது வெப்பம் மிகுகிறது என்பதே காரணம். ஒளிமகுடத்தில், வெவ்வேறு திசையில் செல்லும் இரு விசைக்கோட்டுக் கற்றைகள் ஒன்றையொன்று அழுத்தும் இடத்தில், மின்னோட்டம் தாள்போல் மெல்லிய பரப்பில் குவிகிறது. ஓர் அளவு வரைதான் அது தாங்கும். பிறகு கோடுகள் அறுந்து, புதிய துணையோடு இணைந்து, முறுக்கு தளர்ந்து நிமிர்கின்றன. இதற்குக் காந்த மறுஇணைப்பு என்று பெயர். இழுத்துப் பிடித்த ரப்பர் வளையம் அறும்போது விரலைச் சுண்டுவதுபோல், அதுவரை சேர்ந்த ஆற்றல் நொடிகளில் வெளிப்பட்டு அங்குள்ள பிளாஸ்மாவைச் சூடாக்குகிறது.

இவ்வாறு எரியும் ஒவ்வொரு பொறிக்கும் 1988இல் பார்க்கர் நானோசுடர் என்று பெயரிட்டார். பெரிய சூரியச் சுடர் ஒன்றின் ஆற்றலில் நூறு கோடியில் ஒரு பங்கு என்பது பெயரின் பொருள். அளவு, 1இன் பக்கத்தில் 17 சுழிகள் போட்டு வரும் எண்ணிக்கையிலான ஜூல். ‘நானோ’ என்று கேட்டு ஏமாந்துவிடாதீர்கள். இதை நம் மின்சாரக் கணக்கில் சொன்னால் ஏறத்தாழ 2,800 கோடி யூனிட். மாதம் 200 யூனிட் செலவிடும் ஒரு கோடிக்கும் மேற்பட்ட வீடுகளுக்கு ஓராண்டு முழுவதும் அது போதும். சூரியனின் கணக்கிலோ அது ஒரு பொறி!

இத்தகைய பொறிகள் எத்தனை வேண்டும் என்று நாமே கணக்கிடலாம். சதுர மீட்டருக்கு 300 வாட் என்பதைச் சூரியனின் மொத்தப் பரப்பால் பெருக்கி, ஒரு பொறியின் ஆற்றலால் வகுத்தால், நொடிக்குச் சுமார் 18,000 என்று விடை வருகிறது. நீங்கள் இந்த வாக்கியத்தைப் படித்து முடிப்பதற்குள் சூரியனில் ஒரு லட்சம் பொறிகளாவது எரிந்து அணைந்திருக்க வேண்டும்.

பொறிகளைத் தேடி

அவற்றைக் கண்ணால் கண்டார்களா? சிறு ஒளிர்வுகள் சூரியனில் உண்டு என்பது நெடுநாளாகத் தெரியும். எல்லெர்மன் என்பவர் 1917இல், சூரியப் புள்ளிகளின் அருகே சில நிமிடங்கள் ஒளிர்ந்து மறையும் சிறு வெடிப்புகளைக் கண்டார். அவை எல்லெர்மன் குண்டுகள் எனப்படுகின்றன. ஆனால் அவை மகுடத்துக்கு வெகு கீழே நிகழ்பவை. 1973இல் ஏவப்பட்ட ஸ்கைலாப் விண்நிலையத்தின் எக்ஸ் கதிர்ப் படங்களில், சராசரியாக எட்டு மணி நேரம் வாழும் ஒளிப்புள்ளிகள் ஏராளமாகத் தெரிந்தன. ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு வடதுருவமும் ஒரு தென்துருவமும் அருகருகே இருந்தன. அவையும் பார்க்கரின் பொறிகளைவிட மிகப் பெரியவை.

சிறியவற்றைக் காண்பதில் உள்ள இடர்ப்பாடு என்ன? நம் தலைக்கு மேலுள்ள காற்று எப்போதும் அலைவதால், தரையிலுள்ள தொலைநோக்கியில் சூரியன் மங்கலாகவே தெரியும். நானூறு மீட்டர் தொலைவில் உள்ள கடுகை அடையாளம் காணும் கூர்மை இருந்தால்தான் சூரியனில் 700 கிலோமீட்டர் அகலமுள்ள பொருள் தெரியும். மேலும், பத்து லட்சம் டிகிரிப் பிளாஸ்மா பெரும்பாலும் எக்ஸ் கதிர்களையும் குறு அலைநீளப் புறஊதாக் கதிர்களையுமே உமிழ்கிறது. அவற்றை நம் காற்று மண்டலம் முற்றிலும் உறிஞ்சிவிடுகிறது. நம் உயிருக்கு அது நன்மை, ஆராய்ச்சிக்குத் தடை. எனவே விண்வெளிக்குச் செல்வதைத் தவிர வேறு வழியில்லை.

இத்தேடலில் நம் நாட்டின் பங்கும் உண்டு. 2019 ஜூலை 22இல் ஏவப்பட்ட சந்திரயான்-2 நிலவைச் சுற்றிவருவதோடு, சூரியனின் எக்ஸ் கதிர்களையும் அளந்தது. அதற்கான கருவியை அகமதாபாத் இயற்பியல் ஆராய்ச்சி ஆய்வகம் செய்தளித்தது. 2019–20இல் சூரியன் மிகவும் அமைதியாக இருந்தது. புள்ளிகளோ வலிய காந்தப் பகுதிகளோ இல்லாத நாள்களாகத் தேர்ந்தெடுத்து, 76 நாள்களின் பதிவுகளை ஆராய்ந்தபோது, 98 மிகச் சிறு சுடர்கள் அகப்பட்டன. எந்தக் கொந்தளிப்பும் இல்லை என்று தோன்றிய சூரியனிலும் பொறிகள் பறந்துகொண்டுதான் இருந்தன. 2021இல் இம்முடிவு வெளியாயிற்று.

மற்றொரு செய்தி ஐரோப்பாவிலிருந்து வந்தது. ஐரோப்பிய விண்வெளி நிறுவனமும் அமெரிக்காவின் நாசாவும் சேர்ந்து 2020 பிப்ரவரி 10இல் சோலார் ஆர்பிட்டர் என்ற விண்கலத்தை ஏவின. அவ்வாண்டு மே 30ஆம் நாள், சூரியனுக்கு 7 கோடியே 70 லட்சம் கிலோமீட்டர் தொலைவில், அதாவது நம் தொலைவில் ஏறத்தாழப் பாதியில் இருந்தபோது, அது படங்கள் எடுத்தது. அமைதியான பகுதிகளிலும் எங்கு நோக்கினும் சிறு சிறு ஒளிர்வுகள்! 400 கிலோமீட்டர் முதல் 4,000 கிலோமீட்டர் வரை நீளம். பத்து நொடி முதல் 200 நொடி வரை ஆயுள். வெப்பநிலையோ பத்து லட்சம் டிகிரிக்கு மேல். இவற்றுக்கு ஆராய்ச்சியாளர்கள் ‘கேம்ப்ஃபயர்’ என்று பெயரிட்டனர். மார்கழிக் குளிரில் தெருமுனையில் சருகு கூட்டிக் கொளுத்துகிறோமே, அதைப்போலக் குளிர்காயும் தீ என்று நாம் சொல்லலாம். இவற்றுள் மிகச் சிறியதும் சென்னைக்கும் மதுரைக்கும் இடைப்பட்ட தூரம் அளவுக்கு நீண்டது!

இந்தத் தீக்கள் எங்கே மூள்கின்றன? கோடைக்கானல் படங்களில் பார்த்த அதே நிறக்கோள வலையின் மேலே. காந்தப் புலம் குவிந்துள்ள இழைகளில் வேரூன்றி. பல தீக்களின் அடியில் எதிரெதிர்த் துருவங்கள் நெருங்கி ஒன்றையொன்று அழிப்பதும் காணப்பட்டது. முறுக்கேறிய காந்தப் புலம் தளர்வதால் பொறி எழுகிறது என்ற கருத்துக்கு இது வலுவூட்டுகிறது.

உண்டியல் கணக்கு

பொறிகள் உண்டு என்பது தெரிந்துவிட்டது. அவை போதுமா என்பதுதான் வழக்கு. இதைத் தீர்க்கும் முறையைக் கோவில் உண்டியலை எண்ணுவதோடு ஒப்பிடலாம்.

ஓர் உண்டியலில் 500 ரூபாய் நோட்டுகள் 100 உள்ளன. அவற்றின் மதிப்பு 50,000 ரூபாய். பத்தில் ஒரு பங்கு மதிப்புள்ள 50 ரூபாய் நோட்டுகள் ஆறு மடங்கு, அதாவது 600 உள்ளன, மதிப்பு 30,000. ஐந்து ரூபாய் நாணயங்கள் அதற்கும் ஆறு மடங்கு, 3,600, மதிப்பு 18,000. எண்ணிக்கை கூடினாலும் மதிப்பு இறங்குகிறது. சில்லறையை எண்ணி ஆகப்போவது குறைவு.

இன்னோர் உண்டியலில் ஒவ்வொரு படியிலும் எண்ணிக்கை பதினைந்து மடங்காகக் கூடுகிறது என்று கொள்ளுங்கள். 500 ரூபாய் நோட்டுகள் 100, மதிப்பு 50,000. ஐம்பது ரூபாய் நோட்டுகள் 1,500, மதிப்பு 75,000. ஐந்து ரூபாய் நாணயங்கள் 22,500, மதிப்பு 1,12,500. இங்கே கோவிலின் செல்வம் சில்லறையில்தான் இருக்கிறது.

இரண்டுக்கும் இடையே உள்ள எல்லை பத்து மடங்கு. சூரியச் சுடர்களுக்கும் இதுவே எல்லை என்று 1991இல் ஹட்சன் எடுத்துக் காட்டினார். பெரிய சுடர்களை எண்ணியபோது, ஆற்றல் பத்தில் ஒன்றாகக் குறைந்தால் எண்ணிக்கை ஆறு மடங்கு அளவுக்கே கூடுகிறது. இதே போக்கு கடைசி வரை சென்றால் நானோசுடர்களால் மகுடத்தைச் சூடாக்க இயலாது. மிகச் சிறியவற்றின் எண்ணிக்கை பத்து மடங்குக்கு மேல் கூடினால் பார்க்கர் சொன்னது பலிக்கும். இதுவரை செய்த அளவீடுகளில் சில இந்த எல்லைக்கு இப்பாலும் சில அப்பாலும் விழுந்துள்ளன. இதுவரை எண்ணப்பட்ட தீக்களின் மொத்த ஆற்றல், தேவையானதைவிடக் குறைவாகவே உள்ளது. உண்டியலின் அடியில் இன்னும் எண்ணாத காசுகள் கிடக்கின்றன என்று ஒரு சாரார் கூறுகின்றனர்.

மறு சாரார் அலைகளைச் சுட்டிக் காட்டுகின்றனர். வீணையின் தந்தியை மீட்டினால் அதிர்வு ஓடுவதுபோல், காந்த விசைக்கோடுகளின் வழியே அலைகள் செல்லும் என்று 1942இல் சுவீடன் அறிஞர் ஆல்வேன் கணித்தார். அத்தகைய அலைகள் சூரியனில் ஓடுவதை ஜப்பானின் ஹினோதே விண்கலம் 2007இல் காட்டியது. அவையும் ஆற்றலைச் சுமந்து செல்லவல்லவை. பொறியும் அலையும் இணைந்தே வேலை செய்கின்றன என்பதும், எந்த இடத்தில் எது மிகுதி என்று காண்பதே அடுத்த வேலை என்பதும் இன்று பலருடைய கருத்து.

நமக்கு இதனால் என்ன?

ஒளிமகுடம் சூரியனோடு நின்றுவிடுவதில்லை. அதன் சூட்டால் பிளாஸ்மா ஓயாமல் வெளியே வீசுகிறது. இந்தச் சூரியக் காற்றை 1958இல் கணித்தவரும் அதே பார்க்கர்தான். அவர் பெயர் தாங்கிய விண்கலம் 2024 டிசம்பர் 24இல் சூரியப் பரப்பிலிருந்து 61 லட்சம் கிலோமீட்டர் தொலைவு வரை நெருங்கிச் சென்றது. சூரியக் காற்றில் புயல் வீசும்போது பூமியும் அதிர்கிறது. 1989 மார்ச் 13இல் அப்படிப்பட்ட புயலால் கனடாவின் கியூபெக் மாநிலத்தில் அறுபது லட்சம் மக்கள் ஒன்பது மணி நேரம் மின்சாரமின்றித் தவித்தனர். 2024 மே மாதத்துப் புயலின்போது லடாக்கின் ஹான்லேயில் இரவு வானம் செந்நிறமாகச் சிவந்தது. பெரிய புயலுக்கும் சிறிய பொறிக்கும் அடிப்படை ஒன்றே: முறுக்கேறிய காந்தப் புலம் தளர்வது. புயல் எப்போதோ ஒரு முறை வரும்; பொறியோ நொடிக்கு நொடி எழுகிறது. பொறியை நன்கு புரிந்துகொண்டால் புயலை முன்னறிவதும் எளிதாகும்.

நம் நாட்டின் ஆதித்யா-எல்1 விண்கலம் 2023 செப்டம்பர் 2இல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து புறப்பட்டு, 2024 ஜனவரி 6இல், பூமியிலிருந்து 15 லட்சம் கிலோமீட்டர் தொலைவில் சூரியனை நோக்கிய தன் இடத்தை அடைந்தது. அத்திட்டத்தின் இயக்குநராக இருந்த நிகர் ஷாஜி நம் செங்கோட்டையில் பிறந்தவர். அதிலுள்ள ஒளிமகுடக் கருவியை உருவாக்கியது பெங்களூரில் உள்ள இந்திய வான் இயற்பியல் நிறுவனம். கோடைக்கானல் ஆய்வகமும் அந்நிறுவனத்தைச் சேர்ந்ததே. அக்கருவி ஒரு வட்டத் தட்டால் ஒளிக்கோளத்தை மறைத்துச் செயற்கைக் கிரகணத்தை உண்டாக்கிக்கொள்கிறது. அதன் நிறமாலைமானி நோக்கும் கோடுகளுள் ஒன்று, 1869இல் சில நிமிடக் கிரகணத்தில் தென்பட்ட அந்த 5,303 ஆங்ஸ்ட்ராம் பச்சைக் கோடு.

சூரியனை வெறுங்கண்ணாலோ தொலைநோக்கி வழியாகவோ நேராகப் பார்க்கக் கூடாது; பார்வை போய்விடும். அட்டையில் ஊசித்துளை இட்டு, இருண்ட அறையின் சுவரில் அதன் பிம்பத்தை விழச் செய்து பாருங்கள். சிறு வெள்ளை வட்டம் ஒன்று சலனமின்றித் தெரியும். அந்த வட்டத்துக்கு மேலே நொடிதோறும் மூண்டு அணையும் தீக்களை எண்ணி முடிக்கும் வேலை இன்னும் மீதமிருக்கிறது. இன்று பள்ளியில் காந்த விசைக்கோடுகளை இரும்புத்தூள் தூவி வரையும் மாணவர்களுள் சிலர், நாளை அந்தக் கணக்கை முடித்துத் தரக்கூடும்.